பதினாறில் ஒரு தங்கம்... இருபத்தெட்டில் இன்னொன்று!

உங்கள் வீட்டு நிலைவாசலில் போய் நின்று, மேல்சட்டத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஏழடி உயரத்தில் இருக்கும். அதற்கு நான்கு அங்குலம் கீழே ஒரு கம்பி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓடி வர வேண்டும். கையில் கழி கிடையாது, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஒற்றைக் காலால் தரையை உதைத்து எழும்பி, அந்தக் கம்பிக்கு மேலே மல்லாந்தபடி போய், அந்தப் பக்கம் விழ வேண்டும். கம்பி ஆடலாம், விழக் கூடாது.

உல்ரிக்கே மெய்ஃபார்ட் இதைச் செய்தபோது அவருக்கு வயது 28. ஆண்டு 1984. இடம் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். தங்கப் பதக்கம்.

இதில் என்ன அதிசயம், ஒலிம்பிக்கில் யாரோ ஒருவர் தங்கம் வாங்கத்தானே செய்வார் என்று தோன்றலாம். அதிசயம் இதுதான்: இதே பெண், இதே போட்டியில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தங்கம் வாங்கியிருந்தார். அப்போது அவர் பள்ளிக்கூட மாணவி. இரண்டு தங்கங்களுக்கும் நடுவே இருந்த காலத்தில், ‘அது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்’ என்று உலகம் கிட்டத்தட்ட முடிவுகட்டியிருந்தது.

மூன்றாவதாக வந்த சிறுமி

1972. மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஒலிம்பிக். சொந்த மண்ணில் போட்டி என்பதால் உயரம் தாண்டுதலுக்கு மூன்று பெண்களை அனுப்புகிறது மேற்கு ஜெர்மனி. கொலோன் நகருக்குப் பக்கத்தில் வெஸ்லிங் என்ற ஊரில் வளர்ந்த உல்ரிக்கே அந்த மூவரில் ஒருவர். அதுவரை அவர் தாண்டியிருந்த அதிகபட்ச உயரம் 1.85 மீட்டர். பதக்கம் வாங்குவார் என்று யாரும் பந்தயம் கட்டும் உயரமில்லை. ‘சின்னப் பெண், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அடுத்த ஒலிம்பிக்குக்கு உதவும்’ என்கிற கணக்கில் வைக்கக்கூடியவர்தான்.

அவரிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, உயரம். வளர்ந்து முடித்தபோது 1.88 மீட்டர், அதாவது ஆறடி இரண்டு அங்குலம். இன்னொன்று, பாணி.

அந்தக் காலத்தில் உயரம் தாண்டுபவர்கள் பெரும்பாலும் ‘ஸ்ட்ராடில்’ என்ற முறையில்தான் தாண்டினார்கள். வயிறு கம்பியைப் பார்த்திருக்க, குதிரை மேல் ஏறிப் புரண்டு இறங்குவதைப் போல அந்தப் பக்கம் உருள்வது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க இளைஞர் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். அவர் கம்பிக்கு முதுகைக் காட்டி, தலையை முதலில் அனுப்பி, மல்லாந்து தாண்டினார். கூட்டம் முதலில் சிரித்தது; பிறகு தங்கப் பதக்கத்தை அவர் கழுத்தில் பார்த்தது. அவர் பெயராலேயே ‘ஃபாஸ்பரி ஃப்ளாப்’ என்று அந்த முறைக்குப் பெயர் வந்துவிட்டது.

இந்த முறை பிழைத்ததற்கு மெத்தைக்கு நன்றி சொல்ல வேண்டும். முன்பு அந்தப் பக்கம் இருந்தது மணலும் மரத்தூளும். அதில் கழுத்தும் முதுகும் படும்படி யாராவது விழுந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். பஞ்சு போன்ற நுரை மெத்தைகள் வந்த பிறகுதான் மல்லாந்து விழுவது சாத்தியமானது.

ஃப்ளாப்பில் ஓர் அழகான தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஓடிவரும் பாதை கடைசியில் வளையும். பைக்கில் வளைவில் திரும்பும்போது நாம் சாய்வதுபோல, ஓடுபவரின் உடலும் உள்பக்கம் சாயும். காலை ஊன்றி எழும்பும் கணத்தில் அந்தச் சாய்வு நிமிர்ந்து, உடலைக் கம்பிக்கு மேலே சுழற்றிவிடும். மேலே போனதும் முதுகு வில்லாக வளையும். தலையும் தோளும் கம்பியைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது இடுப்பு உச்சியில் இருக்கும். கால்கள் இன்னும் இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். மொத்த உடலும் ஒரே நேரத்தில் கம்பிக்கு மேலே இருப்பதே இல்லை. உடலின் எடைமையம் கம்பிக்குக் கீழே போனபடியே, உடல் மட்டும் மேலே தாண்டிப் போகலாம். கொஞ்சம் ஏமாற்று வேலை மாதிரிதான் இருக்கிறது, இல்லையா?

1972-ல் மூத்த வீராங்கனைகள் பலர் பழைய முறையில் ஆண்டுக்கணக்கில் ஊறிப்போனவர்கள். பழகியதை மறப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். உல்ரிக்கேவுக்கு எதிலும் ஊறிப்போகும் வயதே ஆகவில்லை.

செப்டம்பர் 4, மாலை

இறுதிச் சுற்று. அதில் உலக சாதனைக்காரர் இருக்கிறார்: ஆஸ்திரியாவின் இலோனா குசன்பவர். ருமேனியாவின் யோலாண்டா பாலாஷ் வைத்த 1.91 மீட்டர் சாதனை பத்து ஆண்டுகளாக அசையாமல் நின்றது. அதை 1.92 என்று திருத்தி எழுதியவர் குசன்பவர். அதை அவர் செய்ததும் செப்டம்பர் 4-ம் தேதிதான். சரியாக ஓராண்டுக்கு முன்பு, வியன்னாவில். பல்கேரியாவின் யோர்டாங்கா பிளகோயேவாவும் களத்தில் இருக்கிறார். ஆக, தங்கம் இவர்களில் ஒருவருக்கு என்பதுதான் பேச்சு.

கம்பி 1.85-க்கு ஏறுகிறது. உல்ரிக்கே தாண்டுகிறார். அவருடைய வாழ்நாளின் அதிகபட்சம் அதுதான். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள அதுவே போதும்.

1.88. தாண்டுகிறார்.

இப்போது மூன்று பேர்தான் மிச்சம். மூன்று பதக்கங்கள் இருக்கின்றன. ஆக, ஏதோ ஒரு பதக்கம் உறுதி. கம்பி 1.90-க்குப் போகிறது. குசன்பவரால் முடியவில்லை. பிளகோயேவாவாலும் முடியவில்லை. பள்ளி மாணவி தாண்டிவிட்டார்.

தங்கம் உறுதியான பிறகு போட்டியை நிறுத்திக்கொள்ளலாம். உயரம் தாண்டுதலில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு: வென்றவர், விரும்பினால், கம்பியை இன்னும் உயர்த்தச் சொல்லலாம். உலக சாதனையான 1.92-க்குக் கம்பி ஏறியது. உல்ரிக்கே அதையும் தாண்டினார்!

ஒரே மாலையில் தன் சொந்தச் சாதனையை ஏழு சென்டிமீட்டர் உயர்த்தி, உலக சாதனையைச் சமன் செய்து, ஒலிம்பிக் தங்கம். அன்றைக்கு அவர் வயது 16 ஆண்டுகள், 123 நாள்கள். தடகளத்தில் தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் மிக இளையவர் இன்றுவரை அவர்தான்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரே இரவு.

மறுநாள் விடியும் முன்பு, ஆயுதம் ஏந்திய பாலஸ்தீனக் குழுவினர் ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்து இஸ்ரேல் அணியினரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். அந்த இரவு விடிவதற்குள், மீட்பு முயற்சி ரத்தக்களரியாக முடிந்து, இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தார்கள். ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார். உல்ரிக்கே முந்தைய மாலை துள்ளி எழுந்த அதே மைதானத்தில் 6-ம் தேதி அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அதன் பிறகு போட்டிகள் தொடர்ந்தன.

மியூனிக் 1972 என்றாலே உலகத்துக்கு அந்த 5-ம் தேதிதான் நினைவுக்கு வரும், வருவதுதான் நியாயமும்கூட. 4-ம் தேதி வென்ற ஒரு பதினாறு வயதுப் பெண், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய மாலையை எந்த முகத்தோடு நினைத்துப் பார்ப்பது என்பது வேறு யாருக்கும் இருந்திராத சங்கடம்.

இன்னொரு சின்னச் சங்கடமும் வந்தது. 20 நாள்கள்தான். செப்டம்பர் 24-ம் தேதி, யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில் பிளகோயேவா 1.94 தாண்டினார். உலக சாதனைப் பட்டியலிலிருந்து உல்ரிக்கே இறங்கினார்.

அப்புறம் என்ன?

பதினாறு வயதில் உலகத்தின் உச்சியைத் தொட்டவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். அடுத்து என்ன? மற்ற வீராங்கனைகளுக்கு ஒலிம்பிக் தங்கம் என்பது பயணத்தின் கடைசியில் இருக்கும். உல்ரிக்கேவுக்கு அது முதல் நிறுத்தத்திலேயே வந்துவிட்டது. அவர் எப்படி வென்றார் என்பது அவருக்கே முழுதாகப் புரிவதற்கு முன்பே வென்றிருந்தார் என்பதுதான் சிக்கல்.

ஒரு விஷயத்தைத் தெரியாமலே சரியாகச் செய்துவிட்டால், அது தவறும்போது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. உயரம் தாண்டுதலில் இது இன்னும் மோசம். ஓட்டத்தில் ஓரடி முன்னே பின்னே போனால், ஊன்றும் கால் அரை அடி தள்ளிப் போகும், எழும்பும் உச்சி கம்பிக்கு நேராக இல்லாமல் முன்போ பின்போ விழும், கம்பி விழும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் பழையபடிதான் இருப்பதாகத் தெரியும். தாண்டுபவருக்கும் அப்படித்தான் தெரியும்.

1974, ரோம், ஐரோப்பிய சாம்பியன்ஷிப். ஒலிம்பிக் சாம்பியனுக்கு ஏழாவது இடம்.

1976, மாண்ட்ரியல் ஒலிம்பிக். பட்டத்தைத் தக்கவைக்க வந்திருக்கும் நடப்புச் சாம்பியன். வயது 20. இறுதிச் சுற்றுக்குப் போவதற்கு முன்பு தகுதிச் சுற்று ஒன்று உண்டு. முன்னணி வீராங்கனைகள் அதை ஒரு சடங்காகத்தான் பார்ப்பார்கள். உல்ரிக்கே அதில் தாண்டியது 1.78. இறுதிச் சுற்றுக்கு அது போதவில்லை.

1.78! நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தாண்டியதைவிட 14 சென்டிமீட்டர் குறைவு. சாம்பியனின் ஒலிம்பிக், பதக்கப் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அன்று தங்கம் வென்றவர் கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி ஆக்கர்மான், உயரம் 1.93. அதாவது, உல்ரிக்கே மியூனிக்கில் தாண்டிய உயரத்தைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் அதிகம். ஆக்கர்மான் பழைய ஸ்ட்ராடில் முறைக்காரர். அடுத்த ஆண்டு, 1977 ஆகஸ்டில், பெர்லினில் அவர் இரண்டு மீட்டரைத் தாண்டினார். பெண்களில் அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் ஆள்.

ஆக, உலகம் நகர்ந்துகொண்டே இருந்தது. உல்ரிக்கே மட்டும் நின்ற இடத்தில் நின்றார். மாண்ட்ரியலோடு அவர் விளையாட்டை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் தங்கம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, வயது இருக்கிறது. ‘ஒரு நாள் ராணி’ என்று விளையாட்டு வரலாறு அவருக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும்.

அவர் விடவில்லை. கொலோனில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பக்கத்து நகரமான லெவர்குசனின் பேயர் கிளப்பில், கெர்ட் ஓசன்பெர்க் என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தார். மியூனிக்கில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஹைடே ரோசண்டாலை உருவாக்கியவர் இந்த ஓசன்பெர்க். பதினாறு வயதில் தானாக வந்ததை, இருபதுகளில் ஒவ்வோர் அடியாகக் கற்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தைத்தான் எல்லோரும் இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். ‘கடுமையாக உழைத்தார், மீண்டு வந்தார்’ என்று முடிந்துவிடும். கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. மாண்ட்ரியலுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல் பிராக் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அவருக்கு ஐந்தாம் இடம். உயரம் 1.91. ஆறு ஆண்டுகள் பாடுபட்டு, பள்ளிக் காலத்து உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்து நிற்கிறார். அன்று அதே களத்தில் இத்தாலியின் சாரா சிமியோனி 2.01 தாண்டி, அந்த மாதத் தொடக்கத்தில் தானே வைத்த உலக சாதனையைச் சமன் செய்தார்.

சிமியோனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மியூனிக் இறுதிச் சுற்றிலும் அவர் இருந்தார், 19 வயதில். ஆறாவது இடம். அப்போது உல்ரிக்கேவைக் கீழேயிருந்து பார்த்தவர், இப்போது மேலேயிருந்து பார்த்தார்.

போகவிடாத ஒலிம்பிக்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குள் உல்ரிக்கே மறுபடி நல்ல நிலைக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க, மேற்கு ஜெர்மனியும் கூடச் சேர்ந்துகொண்டது. அரசாங்கங்களின் சண்டைக்கு ஒரு வீராங்கனையால் என்ன செய்ய முடியும்? 24 வயது. நான்கு ஆண்டுகளில் ஒருமுறை வரும் கதவு, திறக்கும் முன்பே மூடிக்கொண்டது. மாஸ்கோவில் சிமியோனி 1.97 தாண்டித் தங்கம் வென்றார்.

இங்கேயும் விட்டிருக்கலாம். நியாயமான காரணமும் கையில் இருந்தது. அடுத்த ஒலிம்பிக்கின்போது 28 வயதாகியிருக்கும்.

ஆனால், அதற்குள் ஏதோ ஒன்று உள்ளே பொருந்திவிட்டது. 1981-ல் மேற்கு ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அடுத்த மூன்று ஆண்டுகளும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை.

1982, செப்டம்பர் 8. ஏதென்ஸ். ஐரோப்பிய சாம்பியன்ஷிப். மியூனிக் மாலைக்குப் பிறகு பத்து ஆண்டுகள், நான்கு நாள்கள். எதிரே நிற்பவர்கள் உலக சாதனைக்காரரான சிமியோனி, சோவியத் யூனியனின் தமாரா பிகோவா. இருவரும் 1.97-உடன் நின்றுவிட்டார்கள். உல்ரிக்கே தொடர்ந்து ஏறினார். 2.02. புதிய உலக சாதனை!

1972-ல் அவர் உலக சாதனையைச் சமன்தான் செய்தார், பங்குதாரர் மட்டுமே. இப்போது அது முழுக்க முழுக்க அவருடையது. பத்து ஆண்டு இடைவெளியில் ஒரே போட்டியில் இரண்டு முறை உலக உச்சிக்கு வருவது என்பது, பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வாங்கிவிட்டு, கல்லூரியில் தோற்று, பிறகு அதே பாடத்துக்கே பேராசிரியராக வந்து நிற்பதைப் போல.

பிகோவாவுக்கு அன்று 23 வயது. அவர் இத்தோடு விடுபவர் இல்லை. அடுத்த ஆண்டு ஹெல்சின்கியில் முதன்முறையாக உலகத் தடகள சாம்பியன்ஷிப் நடந்தபோது, பிகோவா 2.01, உல்ரிக்கே 1.99. தங்கம் பிகோவாவுக்கு, வெள்ளி உல்ரிக்கேவுக்கு.

அடுத்த வாரமே, ஆகஸ்ட் 21 அன்று, லண்டனில் ஐரோப்பியக் கோப்பை. உயரம் தாண்டுதலை விரும்புபவர்கள் இன்றும் பேசும் போட்டி அது. கம்பி 2.03-க்கு ஏறியது, இருவரும் உலக சாதனையைக் குறிவைத்தார்கள். உல்ரிக்கே தாண்டினார். சாதனை! கைத்தட்டல் அடங்கும் முன்பே பிகோவாவும் அதையே தாண்டினார். ஒரே மாலையில், ஒரே கம்பியின் மேல், இருவரும் உலக சாதனைக்காரர்கள். இருவரும் ஒரே உயரம் என்றால் யார் தவறிய முயற்சிகள் குறைவு என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் உல்ரிக்கே வென்றார். நான்கே நாள்களில் இத்தாலியின் பிசா நகரில் பிகோவா 2.04 தாண்டிச் சாதனையைத் தனதாக்கிக்கொண்டார். மறுபடியும் நாள் கணக்கு!

1984 ஒலிம்பிக்கில் இந்த இருவரும் மோதினால் எப்படி இருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மோதவே இல்லை. இந்த முறை புறக்கணித்தது சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும். பிகோவா வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஜூலை 20 அன்று பெர்லினில் 2.07 தாண்டி உலக சாதனை படைத்த பல்கேரியாவின் லூட்மிலா ஆந்தோனோவாவும் வரவில்லை.

அதனால் உல்ரிக்கேவின் இரண்டாவது தங்கம் கொஞ்சம் மாற்றுக் குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லலாம்தான். ஆனால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் இல்லாத ஒலிம்பிக்கும் ஒலிம்பிக்தானே? தவிர, லாஸ் ஏஞ்சலிஸில் தங்கத்துக்குத் தேவைப்பட்ட உயரத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

மறுபடியும் அதே இரண்டு பேர்

1984, ஆகஸ்ட் 10. கொலிசியம் மைதானம். களத்தில் மியூனிக் காலத்து முகங்கள்! கனடாவின் டெபி பிரில் இருக்கிறார். ஃபாஸ்பரியைப் பார்த்துக் கற்காமல், தானாகவே மல்லாந்து தாண்டும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். கனடாவில் அதற்கு அவர் பெயரையே வைத்து அழைத்தார்கள். மியூனிக்கில் எட்டாவது இடம், இங்கே ஐந்தாவது.

சிமியோனியும் இருக்கிறார். 31 வயது. தொடக்க விழாவில் இத்தாலியின் கொடியை ஏந்தி நடந்தவர். 1976-ல் வெள்ளி, 1980-ல் தங்கம். இப்போது அவருக்கு நான்காவது ஒலிம்பிக்.

ஒவ்வொருவராக விலக, கடைசியில் இருவர் மட்டுமே மிச்சம். 1972-ல் முதலாவதாக வந்தவரும், ஆறாவதாக வந்தவரும். பன்னிரண்டு ஆண்டுகள் மாறி மாறி ஒருவரை ஒருவர் கீழேயும் மேலேயும் பார்த்தவர்கள், ஒரே கம்பிக்கு முன்னால்.

சிமியோனி 2.00 தாண்டினார். ஒரு தங்கத்துக்கு அது தாராளமாகப் போதும். 40 ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உக்ரைனின் யாரோஸ்லாவா மகுசிக் தங்கம் வென்ற உயரமே 2.00 தான். மெத்தையும் ஷூவும் மைதானத் தரையும் எவ்வளவோ மாறிய பிறகும்!

உல்ரிக்கேவும் 2.00 தாண்டினார். கம்பி 2.02-க்குப் போனது. உல்ரிக்கே தாண்டினார். சிமியோனியால் முடியவில்லை.

தங்கம். புதிய ஒலிம்பிக் சாதனை. 28 ஆண்டுகள், 98 நாள்கள். பெண்கள் உயரம் தாண்டுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களிலேயே மிக இளையவர் என்ற பட்டம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மிக மூத்தவர் என்ற பட்டத்தைப் பிறகு பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கொஸ்டாடினோவா 31 வயதில் எடுத்துக்கொண்டார். 2016-ல் ஸ்பெயினின் ரூத் பெய்ட்டியா 37 வயதில் வென்று அதையும் தாண்டிப் போனார். இளையவர் பட்டம் மட்டும் அரை நூற்றாண்டைத் தாண்டியும் உல்ரிக்கேவிடமே இருக்கிறது.

மியூனிக்கின் 1.92-க்கும் லாஸ் ஏஞ்சலிஸின் 2.02-க்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். வித்தியாசம் பத்து சென்டிமீட்டர். சட்டைப்பையில் இருக்கும் பேனாவின் நீளம்கூட இல்லை.

அந்த ஆண்டோடு உல்ரிக்கே போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு லெவர்குசனில், தான் வளர்ந்த அதே கிளப்பில் பயிற்சியாளராகவும், திறமையுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டெடுப்பவராகவும் வேலை பார்த்தார். பதினாறு வயதில் ஒரே மாலையில் சிகரம் ஏறி, இருபது வயதில் தகுதிச் சுற்றில் கவிழ்ந்து, 28-ல் மறுபடி ஏறிய ஒருவர் எதிரே உட்கார்ந்து தங்கள் பிள்ளையின் தாண்டலைப் பார்க்கிறார் என்றால், அந்தப் பெற்றோர் கொடுத்துவைத்தவர்கள்.

ஓசன்பெர்க் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார். அவரிடம் வளர்ந்த இன்னொரு பெண்ணான ஹைக்கே ஹெங்கல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அந்த இரவில் கம்பி இருந்த உயரம், 2.02.